வாசலில் அளந்த சாலை

ஓர் அடுக்குமாடித் திட்டத்தின் மனை வரைபடத்தை விரித்ததும் கண் முதலில் கட்டடத்துக்குப் போகும். அடுத்து வாகன நிறுத்தம், பிறகு காலியிடம். மனைக்கு முன்னால் ஓடும் சாலைக்கு அதில் கிடைப்பது இரண்டு இணைகோடுகளும் ஓர் எண்ணும்தான். கோடுகள் மனையின் எல்லையைச் சற்றே தாண்டியதும் நெளிந்த முறிகோடு ஒன்று விழுந்துவிடும். அதற்கப்பால் சாலை தொடர்கிறது என்று பொருள். எப்படித் தொடர்கிறது என்று கேட்பது யாருடைய கடமையும் இல்லை. பொழிச்சலூரில் ஒரு வளாகம் எழும் இரண்டு ஆண்டுக் காலப் போக்குவரத்து அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் நடக்கிறது.

குடியிருப்புக் கட்டுமானத்தின் வண்டிப் போக்குவரத்தை நம் விதிகள் எவ்வளவு தெளிவாகச் சிந்தித்திருக்கின்றன என்பதையே இங்கே எடைபோடுகிறேன். எந்தக் கட்டுநரையும் எந்த அதிகாரியையும் கூண்டில் ஏற்றும் எண்ணமில்லை. விதிகளை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, அதன் உட்பொருத்தத்தை ஓர் ஊரின் மேல் வைத்துப் பார்க்கிறேன். பிரதி பல இடங்களில் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் தெருவில் நின்று பார்த்துவிட்டு எழுதினாரா என்பதில்தான் எனக்கு ஐயம்.

பொழிச்சலூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வடக்கே அடையாறு. கிழக்கே கவுல் பஜாரும் விமான நிலையமும். மேற்கே அனகாபுத்தூர், தெற்கே பம்மல். பை போன்ற ஊர்; பையின் பெரிய வாய் பம்மல் பக்கம். ஆற்றுப் பக்கத்தை மழைக்காலத்தில் நம்ப முடியாது. 2015 டிசம்பரில் அடையாறு விமான ஓடுதளத்தையே மூழ்கடித்து நிலையத்தைச் சில நாள் மூடவைத்தது. ஆகவே ஜல்லியும் எம்-சாண்டும் கம்பியும் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பல்லாவரம் வழியாகவோ, வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலிருந்து குன்றத்தூர் வழியாகவோ வந்து, பம்மல் பிரதான சாலையில் சேர்ந்து, அங்கிருந்து ஊருக்குள் திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் சந்தை. சனிக்கிழமை, வட திருநள்ளாறு என்று பெயர்பெற்ற அகத்தீஸ்வரர் கோயிலுக்குச் சனி பரிகாரம் செய்ய வருகிறவர்களின் கூட்டம். இந்த இரண்டு நாட்களும் எந்த அனுமதிக் கோப்பிலும் இடம்பெறுவதில்லை.

முதலில் அளவைப் பார்ப்போம். பொழிச்சலூர் அளவுக்குப் பொருத்தமான ஒரு கற்பனை வளாகம்: 100 வீடுகள், வீட்டுக்குச் சராசரி 1,000 சதுர அடி, ஸ்டில்ட்டும் ஐந்து மாடியும். கட்டுமானத் துறையில் புழங்கும் தோராயக் கணக்கில் சதுர அடிக்கு 0.04 கனமீட்டர் கான்கிரீட் என்றால் மொத்தம் 4,000 கனமீட்டர்; 6 கனமீட்டர் பிடிக்கும் கலவை வண்டிக்கு ஏறக்குறைய 670 நடை. சதுர அடிக்கு 4 கிலோ கம்பி என்றால் 400 டன். அது 20 லோடுக்குள் முடிந்துவிடும். அஸ்திவாரம் தோண்டிய மண்ணை வெளியே கொண்டுபோகவும், வெள்ளத்துக்குப் பயந்து மனையை உயர்த்த மண் அடிக்கவும் சேர்த்து ஒரு 300 டிப்பர். செங்கல் அல்லது பிளாக், பூச்சு மணல், டைல்ஸ், கதவு, தண்ணீர் லாரி என்று இன்னொரு 400. ஆக 1,400 நடை. வெறும் வண்டி திரும்புவதையும் சேர்த்தால் 2,800 முறை ஒரு கனரக வண்டி தெருவைக் கடக்கிறது. இரண்டு ஆண்டில் 600 வேலை நாள் என்று வகுத்தால் நாளைக்கு ஐந்துக்கும் குறைவு. இந்தச் சராசரியைக் காட்டிக் கேட்டால் யாரும் அனுமதி தந்துவிடுவார்கள்.

சராசரி இங்கே பொய் சொல்லும். கான்கிரீட் போடும் நாளில் கதை வேறு. ஒரு மாடித் தளம் 20,000 சதுர அடி; அதை இரண்டு பகுதியாகப் போட்டாலும் ஒரு நாளைக்கு 200 கனமீட்டர், அதாவது 33 கலவை வண்டிகள். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் 66 முறை போகவர வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்று. இதோடு பூம் பம்ப் வண்டி கால்களை விரித்துத் தெருவின் பாதியை எடுத்துக்கொள்ளும். கலவை வண்டிக்குப் பொறுமையும் கிடையாது. கலவை ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்கிறது ஆயத்தக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 4926. மண் லாரியை ஓரமாக நிறுத்திவைக்கலாம். கலவை வண்டியைப் பல்லாவரத்தில் நிறுத்தினால் உள்ளே இருப்பது இறுகத் தொடங்கும். இப்படி ஒரு போக்குவரத்துக்கு நாள் சராசரி தேவையில்லை, உச்ச நாளின் கால அட்டவணைதான் தேவை. நம் விதிகள் எதிலும் ‘உச்ச நாள்’ என்ற கருத்தை நான் கண்டதில்லை.

அடுத்தது எடை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரும் சாலைச் சோதனை ஒரு கசப்பான பாடத்தைத் தந்தது: சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சின் எடையோடு நேராக வளர்வதில்லை, ஏறத்தாழ நான்காம் படியில் வளர்கிறது. அச்சின் எடை இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. அரை டன் அச்சுள்ள காரையும் பத்து டன் அச்சுள்ள லாரியையும் இந்தக் கணக்கில் ஒப்பிட்டால், ஒரு லாரி அச்சு 1,60,000 கார் அச்சுகளுக்குச் சமம். மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 2018-இல் 28.5 டன்னாக உயர்த்தினோம். எந்தத் தெருவையும் அதற்கேற்பத் தடிப்பாக்கவில்லை. குறைந்த போக்குவரத்துள்ள ஊரகச் சாலைகளுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி, எஸ்.பி. 72, மிகக் கீழ் வகைச் சாலையைப் பத்தாண்டு ஆயுளில் 10,000 முதல் 30,000 தர அச்சுகளை (ஒப்பீட்டுக்காக நிலையான எடை வகுத்த அச்சு) தாங்குமாறு வடிவமைக்கச் சொல்கிறது. நிறைந்த கலவை வண்டி ஒவ்வொன்றும் மூன்று நான்கு தர அச்சுகளின் சேதத்தைச் செய்கிறது. மேலே சொன்ன 1,400 நடையையும் கூட்டினால் 4,000 – 5,000 தர அச்சுகள் வரும். ஒரே ஒரு வளாகம், ஒரு சின்னத் தெருவின் பத்தாண்டு ஆயுளில் ஏழில் ஒரு பங்கு முதல் ஏறக்குறைய பாதி வரை தின்றுவிடுகிறது. அதுவும் தெருவுக்கு நல்ல அடித்தளம் இருந்தால். பேவர் பிளாக் பதித்த தெருவில், ஐப்பசி மழையில் அடிமண் ஊறியிருக்கும்போது டிப்பர் ஏறினால் கணக்கே வேண்டாம்; திருப்பத்தில் கற்கள் பிதுங்கி எழுந்து நிற்பதை யாரும் போய்ப் பார்க்கலாம்.

இந்த மண்ணுக்கு ஒரு பழைய வேடிக்கையும் உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போனது பல்லாவரத்துக் கருங்கல். அதை வைத்துத்தான் 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறைக்குச் ‘சார்னகைட்’ என்று பெயரிட்டார். கல்லைக் கடல் வழியாக ஊருக்கு ஊர் அனுப்பிய பகுதி இன்று வெளியூர் ஜல்லியை வாங்கித் தன் தெருக்களின் மேல் ஓடவிடுகிறது.

இனி விதிகளுக்கு வருவோம். 2019-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஒரு சாதனை என்பதில் தயக்கம் வேண்டாம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்ததை ஒரே தொகுப்பாக்கியது. கட்டடத்தின் பருமனைச் சாலையின் அகலத்தோடு கட்டிப்போட்டது அதன் நடுநாயகமான சிந்தனை: 18.30 மீட்டருக்கு மேல் எழும் உயர்கட்டடத்துக்குக் குறைந்தது 12 மீட்டர் சாலை. தளப்பரப்புக் குறியீடு 3.25 முழுதாக வேண்டுமானால் 18 மீட்டர். சாலையை விரிவாக்கத் தேவைப்படும் நிலத்தை உள்ளாட்சிக்குத் தானமாகப் பெறும் முறையும் அதில் உண்டு. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: உயர்கட்டடத்துக்கு, அந்த அகலம் மனை வாசலில் மட்டும் இருந்தால் போதாது, சாலையின் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு இருக்க வேண்டும் என்றும் நம் விதி மரபு கேட்டிருக்கிறது. முறிகோட்டுக்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

ஆனால் அந்த யோசனை உயர்கட்டடத்தோடு நின்றுவிட்டது. பொழிச்சலூரில் உயர்கட்டடம் எழுவது எளிதல்ல. விமான நிலையத்தின் உயரக் கட்டுப்பாடு தலைக்கு மேல் நிற்கிறது. ஆகவே இங்கே திட்டங்கள் 18.30 மீட்டருக்குள் அடங்கிப் பக்கவாட்டில் பரவுகின்றன. உயரம் குறைவு என்பதால் சாலை அகலத்துக்கான கேள்வியும் இளகிவிடுகிறது. விமானத்துக்காகக் கட்டடம் குட்டையானது. அந்தக் குட்டைத்தனமே லாரிக்குச் சலுகையானது. நூறு வீட்டுக்கான கான்கிரீட் குறுக்காக வந்தாலும் நெடுக்காக வந்தாலும் அதே 670 நடைதான் என்பது விதியின் கண்ணில் படவில்லை.

விதியின் அடிப்படைக் கருதுகோளிலும் ஒரு பிழை இருக்கிறது. அது அகலத்தைக் கட்டி முடித்த பிறகான வாழ்க்கைக்காக அளக்கிறது: எத்தனை கார் வரும், தீயணைப்பு வண்டி நுழையுமா. நியாயமான கேள்விகள். தேசியக் கட்டட நெறி 2016, உயர்கட்டடத்தைச் சுற்றியுள்ள திறந்தவெளி 45 டன் தீயணைப்பு வண்டியைத் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. சுவருக்கு உள்ளே இருக்கும் தரையின் வலிமையைக் கேட்ட நெறி, சுவருக்கு வெளியே உள்ள தெருவின் வலிமையைக் கேட்கவில்லை. அதே நெறியின் ஏழாம் பகுதி கட்டுமான மேலாண்மைக்கும் பாதுகாப்புக்கும் உரியது. அதன் அக்கறையும் பெரும்பாலும் வேலிக்கு உள்ளேதான்.

சூழல் சட்டத்தில் நிலைமை சற்று மேல், சற்றுக் கீழ். 2006-இன் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டுமானத் திட்டங்களுக்கான படிவத்தில் நுழைவிலும் வெளியேற்றத்திலும் போக்குவரத்தை எப்படி நிர்வகிப்பீர்கள் என்று நேராகவே கேட்கிறது. அனுமதியோடு இணைக்கப்படும் வழக்கமான நிபந்தனைகளில், கட்டுமானப் பொருள் ஏற்றிவரும் வண்டிகள் நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டுமே ஓட வேண்டும் என்று ஒன்று உண்டு. இன்னொன்று இதைவிட முதிர்ச்சியானது: திட்டத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டர் வட்டத்தில் சாலைகளின் தற்போதைய தரம் குறையாமல் காக்கும் திட்டம் வேண்டும், அதில் அக்கம்பக்கத்தில் எழும் மற்றத் திட்டங்களின் கூட்டுப் பாதிப்பும் கணக்கில் வர வேண்டும். இந்த வாக்கியத்தை எழுதியவருக்கு வணக்கம். நம் விதி இலக்கியத்தில் சாலையை வழியாகவும், பாதிப்பைக் கூட்டாகவும் கண்ட அபூர்வமான வரி அது.

அந்த வரி பொழிச்சலூருக்கு வராது. அறிவிக்கையின் வாசல் 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பு. நம் நூறு வீட்டு வளாகம் 9,300 சதுர மீட்டரைச் சுற்றி நிற்கிறது. அதே தெருக்கூட்டத்தில் அப்படி ஆறு வளாகம் எழுந்தால் மொத்தம் 55,000 சதுர மீட்டரைத் தாண்டும்; ஆனாலும் ஒவ்வொன்றும் தனித்தனியே வாசலுக்குக் கீழே குனிந்து போய்விடும். கூட்டுப் பாதிப்பைக் கேட்கும் விதி, கூட்டுப் பாதிப்பு அதிகமாக விளையும் இடத்தில் நுழைவதே இல்லை. பெரிய திட்டங்களிலும் அரையாண்டுக்கு ஒருமுறை நிறுவனமே எழுதித் தரும் இணக்க அறிக்கைதான் சான்று.

2018 ஜனவரியில் வந்த தூசுத் தடுப்பு விதிகள் வேறு வகை. காற்றில் துகள் அளவு வரம்பு மீறிய நகரங்களில், பணியிடத்துக்குச் செல்லும் சாலை தார் அல்லது தகுந்த மேற்பரப்பு போட்டதாக இருக்க வேண்டும், மண்ணும் மணலும் மூடப்பட வேண்டும், எடுத்த நடவடிக்கைகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி பணியிடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்கின்றன. மூடாத வண்டியில் பொருள் ஏற்றக் கூடாது என்பது எல்லா நகருக்கும் பொது. சுருக்கம், தெளிவு, பார்த்துச் சரிபார்க்கக்கூடிய தன்மை என்ற மூன்றிலும் இவை மற்ற விதிகளைவிட மேல். பலகையில் எழுதிவை என்பது அண்டை வீட்டாரையும் ஒரு வாசகராக மதிக்கும் விதி. குறை என்னவென்றால், சாலை இங்கே தூசு கிளம்பும் இடமாக மட்டும் தெரிகிறது. பள்ளிப் பிள்ளை நடக்கும் இடமாகத் தெரியவில்லை.

உட்பொருத்தத்தில்தான் எனக்குப் பெரிய ஏமாற்றம். நெரிசல் நேரத்தில் வண்டி ஓடாதே என்கிறது ஒரு விதி. சரி. 2000-இன் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரையை இரவாக்கிக் குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் வரம்பு வைத்தன. அதுவும் சரி. கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கு என்கிறது தர நிர்ணயம். அதைவிடச் சரி. மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் எஞ்சுவது முற்பகலுக்கும் பள்ளி விடும் நேரத்துக்கும் இடையில் நாலைந்து மணி நேரம். 33 வண்டிகள் அதில் அடங்கா. அடங்காதது இரவில் கசியும். இரவில் கசிந்ததைக் கேட்டால், பகலில் விட மறுக்கிறீர்களே என்று பதில் வரும். அந்தப் பதிலில் உண்மையும் இருக்கிறது. தளத்தை நான்கு பகுதியாகப் பிரித்துப் போடுவது, உச்ச நாட்களை முன்கூட்டி அறிவித்துத் தெருவோடு பேசிக்கொள்வது, வண்டிகளைப் பெரிய சாலையில் ஓரிடத்தில் நிறுத்திச் செய்தி போனதும் ஒவ்வொன்றாக உள்ளே விடுவது என்று இணக்கமான வழிகள் உண்டு. ஆனால் மூன்று விதிகளும் மூன்று துறைகளின் கோப்பில் தனித்தனியே படுத்திருப்பதால், இணக்கத்தைக் கண்டுபிடிக்கும் வேலை பணியிட மேற்பார்வையாளரின் கைப்பேசிக்கு விடப்பட்டிருக்கிறது.

எங்கள் தெருமுனைக்கு அருகில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வளாகம் எழுந்தபோது இதைத் தினம் பார்த்தேன். கட்டுநர் பெயர் தேவையில்லை. மற்றவர்களைவிட மோசமானவரும் அல்ல. டாரஸ் லாரி பின்னோக்கி வரும்போது காவலாளி விசில் ஊதுவார், ஒரு பையன் “வரலாம், வரலாம், லெஃப்ட் ஒடி… ஹோல்டான்!” என்று கத்துவான். போக்குவரத்து நிர்வாகம் முழுவதும் அந்தப் பையனின் தொண்டையில் இருந்தது. அவன் தன் வேலையை நன்றாகவே செய்தான். ஒரு மின்கம்பம் சாய்ந்தது, இரண்டு திண்ணை விளிம்புகள் போயின, ஆள்சேதம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்கான செங்கல்லும் ஒரு காலத்தில் அதே தெருவில் அதே போன்ற லாரியில்தான் வந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பழைய சட்டங்களிடம் ஒரு நுண்ணுணர்வு இருந்தது. 1919-இன் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920-இன் மாவட்ட நகராட்சிகள் சட்டமும், தெருவுக்கு இடையூறாகக்கூடிய கட்டட வேலைக்கு முன்கூட்டியே உரிமம் பெறச் சொல்லின. வீடு கட்டுவது வேறு, வீடு கட்டும் காலத்தில் தெருவைப் பயன்படுத்துவது வேறு என்ற பகுப்பு அதில் தெளிவாக நின்றது. மாட்டுவண்டிக் காலத்துச் சிந்தனை என்பதால் அவர்கள் கண்ட இடையூறு அசையாதது: சாரம், செங்கல் குவியல், தோண்டிய குழி. ஓடும் எடை அவர்கள் காலத்துப் பிரச்சினை இல்லை. பகுப்பை எடுத்துக்கொண்டு அதில் ஓட்டத்தைச் சேர்த்திருந்தால் 2019 தொகுப்பு முழுமை பெற்றிருக்கும்.

கேள்வி கேட்கப்பட்டாலும் பதில் சொல்ல யார் என்பது அடுத்த சிக்கல். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பம்மலும் அனகாபுத்தூரும் அதில் கலந்தன. பொழிச்சலூர் ஊராட்சியாகவே நின்றது. போக்குவரத்துக் காவல் 2022 ஜனவரி முதல் தாம்பரம் காவல் ஆணையரகம். திட்ட அனுமதி பெரியதென்றால் சி.எம்.டி.ஏ. ஒரே டிப்பர் நெடுஞ்சாலைத் துறையின் சாலையில் ஏறி, மாநகராட்சித் தெருவைத் தொட்டு, ஊராட்சித் தெருவில் இறக்குகிறது. அனுமதி தருகிறவரிடம் சாலை இல்லை. சாலை வைத்திருப்பவரிடம் அனுமதி இல்லை. வண்டியை நிறுத்த முடிந்தவரிடம் வரைபடமே இல்லை. சட்டத்தில் கருவி இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வண்டியைக் கட்டுப்படுத்தலாம். ஒரு மாதத்துக்குள் என்றால் அரசிதழ் அறிவிப்பும் வேண்டாம். அதிக எடைக்கு 2019 திருத்தத்துக்குப் பின் 20,000 ரூபாயும் கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம். கருவிகள் கூர்மையானவை. எந்தத் தெருவில், எந்த நாளில், எந்த நேரத்தில் அவற்றை எடுப்பது என்று சொல்லும் தாள்தான் இல்லை.

லண்டனில் அந்தத் தாளுக்குக் கட்டுமானச் சரக்குப் போக்குவரத்துத் திட்டம் என்று பெயர். திட்ட அனுமதியின் நிபந்தனையாகவே உள்ளாட்சி அதைக் கேட்கும்: வண்டி வரும் வழி, நேர ஒதுக்கீடு, காத்திருக்கும் இடம், தெருவில் நிற்கும் ஆள். சைக்கிளில் போனவர்கள் கட்டுமான லாரியில் சிக்கி இறந்த தொடர் நிகழ்வுகளுக்குப் பின், 2013 முதல் லாரிக்கும் ஓட்டுநருக்கும் தனித் தரநிலையும் வந்தது. சிங்கப்பூரின் வழி இன்னும் முரட்டுத்தனம்: 2011 செப்டம்பர் முதல், குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் பணியிடங்களில் சனி இரவு 10 முதல் திங்கள் காலை 7 வரை வேலையே கூடாது. லண்டன் முறை நுட்பமானது; அதைப் படித்துப் பார்க்கப் பயிற்சி பெற்ற அலுவலர் இல்லாத இடத்தில் நகலெடுத்த தாளாகிவிடும். சிங்கப்பூர் முறை மொட்டையானது. ஆனால் கண்ணால் பார்த்தே மீறலைக் கண்டுபிடித்துவிடலாம். பொழிச்சலூருக்கு நுட்பத்தைவிடக் கண்ணால் சரிபார்க்கும் தன்மையே பொருத்தம் என்பது என் சாய்வு.

கட்டுநர் தரப்பின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. இந்தப் பகுதியில் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஆறு வீடு, எட்டு வீடு கட்டும் தனி மனிதர்கள். இன்னொரு தாள் என்றால் இன்னொரு மேசை, இன்னொரு மேசை என்றால் இன்னொரு ‘செலவு’. சதுர மீட்டரை வாசலாக வைத்தால் இதுதான் நடக்கும். நடைகளின் எண்ணிக்கையை வாசலாக வைத்தால் எட்டு வீட்டுக்காரர் தப்பிப்பார், நூறு வீட்டுக்காரர் மாட்டுவார்; அதே தெருவில் ஒரே ஆண்டில் மூன்று பேர் கட்டினால் மூவரின் நடையும் கூட்டப்படும். சாலையை வெட்டினால் மறுசீரமைப்புக் கட்டணம் வாங்கும் பழக்கம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. சாலையைத் தேய்ப்பதற்கும் வைப்புத்தொகை வாங்கலாம். வேலை தொடங்கும் முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, தெரு பழைய நிலையில் இருந்தால் திருப்பித் தரலாம். வெட்டியவனிடம் வாங்கித் தேய்த்தவனை விட்டுவிடுவதற்குப் பொறியியல் காரணம் எதுவும் இல்லை.

தீர்ப்பை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் தொகுப்பு நல்ல கட்டட விதி. கட்டுமான விதியாக அது அரைகுறை. எழுந்து நிற்கும் பொருளைப் பற்றிக் கேட்கும்போது அதன் மொழி துல்லியமாக இருக்கிறது. எழும் காலத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில் ஊமையாகிறது. தனித்தனிச் சொற்றொடர்களில் சிறந்தவை சூழல் சட்டத்தில் உள்ளன, தவறான வாசலுக்குப் பின்னால். கண்காணிப்பில் சிறந்தது தூசு விதி, குறுகலான கேள்வியோடு. காலப் பகுப்பில் சிறந்தது ஒரு நூற்றாண்டு பழையது, மாட்டுவண்டி வேகத்தில். இவற்றை ஒட்டவைக்கப் புதுச் சட்டம் வேண்டாம். மனை வரைபடத்தில் ஒரு திருத்தம் போதும் என்று நினைக்கிறேன். சாலையின் முறிகோட்டை மனை எல்லையில் போடாமல், தெரு வழியே, திருப்பங்கள் வழியே, மின்கம்பமும் வாய்க்கால் மேல்மூடியும் பள்ளி வாசலும் உள்ள இடங்களைக் குறித்தபடி, பம்மல் பிரதான சாலை வரை வரைந்து கொண்டுபோக வேண்டும். வழியெங்கும் அகலத்தை அளந்து எழுத வேண்டும். அந்த எண்களில் மிகச் சிறியது எதுவோ, விண்ணப்பத்தில் ‘சாலையின் அகலம்’ என்ற கட்டத்தில் நிரப்ப வேண்டியது அதுதான்.